உரிமை கோர மாட்டேன்

உங்கள் மனைவிக்கு நீங்கள் எத்தனையோ முறை பணம் கொடுத்திருப்பீர்கள். அது கடனா, அன்பளிப்பா என்று யாராவது கேட்டதுண்டா? பாங்க் கேட்கும் சார். எழுத்திலேயே கேட்கும்.

பொத்தேரி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய ஃப்ளாட். காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிற ஊர். அதனால் விலை இறங்குவதே இல்லை. 40 லட்சம் சொன்னார்கள். எனக்கு வயது 59, பென்ஷன் கிடையாது. எழுதிச் சம்பாதிக்கிறேன் என்றால் மேனேஜர் சிரிப்பார். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 48. ஓய்வு பெற இன்னும் 12 வருஷம் இருக்கிறது. ஆக, கடன் அவள் பெயரில் மட்டும்.

முதலில் போன கிளையில் அந்த அதிகாரி அவளைப் பார்த்தே பேசவில்லை. அவள் கேள்வி கேட்பாள், அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். "சார் பேரையும் சேர்த்துக்கலாமே?" சேர்த்தால் என் வயதும் சேர்ந்து வந்து தவணைக் காலத்தைக் குறைத்துவிடும். இன்னொரு பாங்க் பார்த்தோம்.

கணக்கு இதுதான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் பாங்க் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக 32 லட்சம் கடன், 8 லட்சம் கைப்பணம். பழைய ஃப்ளாட் என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவிகிதம் தனி; அது 3 லட்சத்து 60 ஆயிரம். இதற்குக் கடன் கிடையாது. (பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு, சொத்து 10 லட்சத்துக்குள் இருந்தால். 10 லட்சத்துக்குப் பொத்தேரியில் மொட்டை மாடி கிடைக்கலாம்.)

மொத்தம் 11 லட்சத்து 60 ஆயிரம். என் பி.எஃப். பணத்திலிருந்து அவள் கணக்குக்கு மாற்றினேன். மறுவாரமே பாங்கிலிருந்து கேள்வி: "இது யார் பணம்?"

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது கடன் என்றால் அவள் எனக்கும் தவணை கட்ட வேண்டும், சம்பளம் தாங்காது. நாளைக்கு நான் வீட்டில் பங்கு கேட்டால் அடமானத்துக்கே தலைவலி. ஆகவே ஒரு கடிதம். இவர் என் மனைவி, பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன், அந்த வீட்டில் எந்த உரிமையும் கோர மாட்டேன்.

வருமான வரியில் சிக்கல் இல்லை. கணவன் கொடுத்த பணத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் மட்டும், என் பணத்துக்கு உண்டான பங்கு என் வருமானத்தில் சேரும். பினாமி பயமும் வேண்டாம். கணக்கில் உள்ள பணத்தில் மனைவி பெயரில் வாங்குவதற்கு அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது.

சிக்கல் எனக்குத்தான். கடிதம் இரண்டு நாள் டி.வி. மேலேயே கிடந்தது. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, மொத்த சேமிப்பையும் கொடுத்துட்டு உரிமை இல்லைன்னு எழுதித் தருவாங்களா? பத்திரத்துல உங்க பேரையும் போடுங்க." போடலாம். பத்திரத்தில் பெயர் இருந்தால் கடனிலும் பெயர் வேண்டும் என்பார்கள். மறுபடி என் 59 வயது குறுக்கே நிற்கும்.

நெய்வேலிப் பக்கத்து வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி தன் பெயரில் சொத்து வாங்கினார். ஊர் திரும்பியவர் 'எல்லாம் என் பணம்' என்று கோர்ட்டுக்குப் போனார். 1990-களில் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சம்பாத்தியத்தில் அடக்கம் என்று சொல்லி, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்குச் சம பங்கு கொடுத்தார். பணம் அனுப்பியபோது இது யாருக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு தலைமுறைச் சண்டை மிச்சம்.

மூன்றாம் நாள் இரவு அவளே ஆரம்பித்தாள். "ஏங்க, மனசு வரலைன்னா விடுங்க. வாடகை வீட்டுலயே இருந்துக்கலாம். எனக்கொண்ணும் இல்லை."

இருபத்திரண்டு வருஷமாக அவள் சம்பளம்தான் மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ், என் அம்மாவின் டயாலிசிஸ். மூன்று வருஷ டயாலிசிஸ், வாரம் இரண்டு. எதற்கும் அவள் என்னிடம் எழுதி வாங்கவில்லை. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு வரியை மட்டும் பாங்க் வக்கீலிடம் கேட்டேன்: "சார், குடியிருக்கலாமில்லையா?"

அவர் நிமிராமலே சொன்னார். "அதை மேடம்கிட்ட கேளுங்க."

மாதம் 35,500 ரூபாய் சொச்சம், 144 தவணை. அவள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். மளிகை இப்போது என் பொறுப்பு.