பிரிக்க முடிகிற நாற்காலி

மே 3, சனி

கோடை விடுமுறை முடிவதற்குள் வீட்டுச் சில்லறை வேலைகளை முடித்துவிட வேண்டும். தாத்தாவின் சாய்வு நாற்காலி, கூடத்து டீப்பாய், மகளின் படிப்பு மேசை. நாற்காலிக்குத்தான் வேலை அதிகம். கித்தான் நடுவில் கிழிந்திருக்கிறது, பின்கால் ஒன்று ஆடுகிறது.

துணியைக் கழற்ற ஆயுதம் எதுவும் தேவைப்படவில்லை. இரு முனைகளிலும் துணியை மடித்துத் தைத்து உள்ளே கம்பு விட்டிருக்கிறார்கள். கம்பை உருவினால் துணி கையோடு வந்துவிடுகிறது. பழைய துணியைத் தூக்கி எறியவில்லை. அதுதான் அளவுத்துணி, தொய்ந்துபோன நீளத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மாலை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் போய்ப் பருத்திக் கித்தான் வாங்கி வந்து, உடனே தண்ணீரில் ஊறப் போட்டாயிற்று. பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் மடிப்புக்குள் கம்பு போகாது.

மே 4, ஞாயிறு

ஆணி அடிக்கலாமா என்று தெருமுனை ஆசாரியைக் கேட்டேன். வந்து காலை ஆட்டிப் பார்த்தார். "ஆணி கீணி அடிச்சுறாதீங்க தம்பி, கழுந்து பிளந்துரும். இது வச்சிரம் வச்சு ஒட்டுன வேலை. வெந்நித் துணியச் சுத்தி வைங்க, தானா விட்டுக் குடுக்கும்."

கழுந்து என்பது துளைக்குள் இறங்கிப் பொருந்தும் மரமுனை. வச்சிரம் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சி எடுக்கும் பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் இறுகும். 1959இல் ஃபெவிகால் என்ற வெள்ளைப் பசை வந்த பிறகு தச்சுப் பட்டறைகளில் வச்சிரச் சட்டி மெல்ல அடுப்பை விட்டு இறங்கியது. காய்ச்ச வேண்டாம், நாற்றமும் இல்லை. வேலை செய்கிறவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வெள்ளைப் பசை காய்ந்த இடத்தில் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். சுரண்டச் சுரண்டக் கழுந்து இளைக்கும். வச்சிரத்தில் புதியது பழையதை இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

ஆசாரி தம் பெட்டியிலிருந்து ஒரு பிடி கொடுத்தார். ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துக் கொதிக்கவிடாமல் உருக்கினோம். மனைவி எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். இளைத்திருந்த கழுந்தில் மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டிக் கனம் கூட்டி, காலைப் பொருத்திக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் குச்சி விட்டுத் திருகி இறுக்கியாயிற்று. நாளை மாலைவரை யாரும் தொடக்கூடாது.

மே 10, சனி

இன்று தையல். அம்மாவின் மிதி மிஷினில் பல் பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பஞ்சை எடுத்து, எண்ணெய்த் துளைகளில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊசி 18ஆம் நம்பர், பாலியெஸ்டர் நூல். தையலைப் பெரிதாக வைத்தேன். பொடித் தையல் போட்டால் பாரம் ஏறும்போது கித்தான் தபால்தலை ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழியும்.

"பாவு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு வெட்டுடா" என்றாள் அம்மா. துணியின் கரை போகும் திசையே பாவின் திசை. தறியில் விறைத்து நின்ற நூல் என்பதால் ஊடையைவிடக் குறைவாகத்தான் இழுபடும். சாய்ந்திருப்பவரின் பாரம் நீளவாக்கில் இழுப்பதால் பாவும் நீளவாக்கில் வரவேண்டும். குறுக்கே வெட்டிவிட்டால் சீக்கிரமே தொட்டிலாகத் தொங்கிவிடும்.

மடிப்பில் துணி மூன்று அடுக்காகிற இடத்தில் மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஊசி வளையாமல் இறங்கியது. இரட்டைத் தையல் போட்டுக் கம்பைச் செருகி மாட்டியதும், முதலில் உட்கார்ந்தது அம்மாதான்.

மே 11, ஞாயிறு

டீப்பாய் மேல் காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள். பழைய மரச்சாமானில் பாலிஷ் என்பது பெரும்பாலும் அரக்குதான். புரசு, இலந்தை மரக் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரப்பது. நம் நாட்டில் ஜார்க்கண்டில்தான் அதிகம் எடுக்கிறார்கள். அது ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒற்றி இழுத்ததும் வெள்ளை மறைந்தது.

220ஆம் நம்பர் உப்புத்தாளை மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தேன். நேற்றிரவு ஸ்பிரிட்டில் கரைய வைத்த அரக்கைத் துணிப்பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். புதுப் பூச்சு பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடுவதால் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் மொட்டைமாடி நிழலில்தான் வேலை. மழைக்காலத்தில் பூசினால் ஈரம் ஏறிப் பாலிஷ் வெளுக்கும். மே மாதத்துக்கு இப்படி ஓர் உபயோகம்.

மே 17, சனி

மகளின் மேசை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, மேலே தேக்கு நிறத்தில் ஒட்டுத்தாள். கீல் திருகுகள் துளையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. தண்ணீர் பட்ட ஓரம் ஊதி நிற்கிறது. காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீலைச் சற்றுக் கீழே, பழுதில்லாத இடத்தில் மாற்றிப் பொருத்தினேன். அந்த இடம் தாங்கும்வரை தாங்கும். "இதப் பிரிச்சா தூள்தான் தம்பி வரும்" என்று ஆசாரி தொடவே இல்லை.

பழைய சாமான்களின் தேக்கு உறுதியான மரம்தான். அந்த உறுதியிலும் கித்தான் நைந்தது, கழுந்து இளைத்தது, பாலிஷ் வெளுத்தது. கம்பை உருவலாம், பசையை இளக்கலாம், பாலிஷைக் கரைக்கலாம் என்பதால்தான் அவற்றைச் சரிசெய்ய முடிந்தது. செய்த தச்சர் பின்னால் பழுது பார்க்க வருகிறவருக்கு வழி வைத்திருந்தார்.

மரச்சாமான் வாங்கப் போகிறவர்கள் மேல்பளபளப்பைப் பார்த்ததும் பணத்தை எண்ணாமல், ஒருமுறை கவிழ்த்தும் பாருங்கள். கால் ஆடினால் எங்கே கழற்றுவது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.