கடைசல் பட்டறையில் பிறந்த மட்டை

அமெரிக்காவின் லூயிவில் நகரில் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வருபவர்கள் அருங்காட்சியகத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கட்டடத்தின் மீது சாய்ந்து நிற்கிறது 120 அடி உயர எஃகு பேஸ்பால் மட்டை. எடை சுமார் 31 டன். கென்டக்கி மாநிலத்தின் இந்தப் பெரிய ஊருக்கு அதுதான் கோபுரம்.

கதை 1884-ல் தொடங்குகிறது. உள்ளூர் நட்சத்திரம் பீட் பிரௌனிங்கின் மட்டை உடைய, ஹில்லரிச் குடும்பத்துப் பையன் பட், அப்பாவின் கடைசல் பட்டறையில் புது மட்டை கடைந்து கொடுத்தானாம். அப்பாவுக்கு எரிச்சல். வெண்ணெய் கடையும் கருவிதான் அவருக்குச் சோறு போட்டது. முதல் மட்டை வேறொரு ஆட்டக்காரருக்குக் கடையப்பட்டது என்றும் ஒரு கதை உண்டு. நிறுவனத்துக்குப் பிடித்தது பிரௌனிங் கதை.

காது மந்தமான பிரௌனிங் விசித்திரப் பேர்வழி. ஒவ்வொரு மட்டைக்கும் இத்தனை அடிதான் ஆயுள் என்று நம்பினார். ஓய்வு பெற்ற மட்டைகளை வீட்டில் சேர்த்து வைத்தார். இன்று பழைய மட்டை தேடி அலைபவர்களின் முன்னோடி அவர்தான்.

தேடுபவர்களுக்கு உண்மையான சிக்கல் அடையாளம். மட்டையில் ஆட்டக்காரரின் கையெழுத்தைப் பொறிக்கும் வழக்கம் 1905-ல் ஹோனஸ் வாக்னருடன்தான் வந்தது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் பெயரற்ற கட்டைகள். வண்டியின் ஏர்க்காலை அறுத்துச் செய்தவையும் உண்டு. வயதைச் சொல்வது ஆட்ட விதிகள்தான். 1859-ல் தடிமன் இரண்டரை அங்குலத்துக்குள் என்று கட்டுப்பாடு வந்தது. 1885-ல் ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம் என்றார்கள். கிட்டத்தட்ட நம் கிரிக்கெட் மட்டை! பந்தை மெல்லத் தட்டிவிட வசதி. 1893-ல் அதற்குத் தடை. ஆகவே தட்டை முகம் கொண்ட மட்டை பெரும்பாலும் அந்த எட்டு ஆண்டுகளின் பிள்ளை.

இது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். பழைய உருண்டை மட்டையை இழைப்புளியால் சீவினால் போதும், விலை ஏறிவிடும். சீவிய இடத்தில் மரம் வெளுத்திருக்கிறதா, கைபட்ட பளபளப்பு அங்கேயும் தொடர்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுப்பவர் ஏமாளி. பிரபலத்தின் பெயருக்காகக் கொட்டிக் கொடுப்பதைவிட, சீவப்படாத பெயரற்ற மட்டை ஒன்று மேல்.

மரத்துக்கே இப்போது ஆபத்து. மட்டைக்குப் பேர்போன ஆஷ் மரங்களை, 2002-ல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஆசியப் பச்சை வண்டு கோடிக்கணக்கில் தின்று தீர்த்திருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் மேப்பிளுக்கு மாறிவிட்டார்கள்.