ஒரு சாண் கீழே

துங்கபத்ரையின் ஆனேகுந்திக் கரையில், ஆற்றை ஒட்டி நிற்கும் ஒரு பாறையோடு எனக்கு இருபது வருடப் பழக்கம். நாற்பது அடி உயரம் இருக்கும். பெயர் கிடையாது. 2003-இல் வந்த ‘பில்கிரிமேஜ்’ படத்தில் கிறிஸ் ஷர்மா ஹம்பியின் குண்டுக்கற்களில் ஏறியதைப் பார்த்துவிட்டு வெளிநாடுகளிலிருந்து வருகிற பாறையேறிகள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது கடினமான கற்கள். என் பாறை சுலபமானது. கயிறு இல்லாமல் ஏறலாம், கயிறு இல்லாமல் இறங்கலாம். அதற்காகவே டிசம்பர் வந்தால் பெங்களூரில் இரவு ரயிலேறி விடிகாலையில் ஹொசபேட்டையில் இறங்கிவிடுகிறேன்.

சுலபம் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். பாறையேறிகள் பயன்படுத்தும் யோசெமிட்டி தரவரிசையில் மூன்றாம் வகுப்பு என்றால் கை ஊன்றி ஏற வேண்டிய இடம். நான்காம் வகுப்பும் பெரிய வித்தை கேட்காது. ஆனால் விழுந்தால் உயிர் போகலாம். என் பாறையின் கீழ்ப்பாகம் மூன்று, கடைசிப் பத்தடி நான்கு. ஏறுவது எவ்வளவு கடினம் என்பதும், தவறினால் என்ன ஆகும் என்பதும் தனித்தனிக் கணக்குகள். புதிதாக வருகிறவர்கள் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இங்குள்ள கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல். ராமநகரத்தின் பழைய பெயரால் க்ளோஸ்பேட் கிரானைட் என்று நிலவியலில் அழைக்கப்படும் நீண்ட பட்டையின் வடபகுதியில் ஹம்பி இருக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு இந்தக் கல் வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும். ஆகவே கையில் அகப்படும் பிடி எல்லாம் பிடி ஆகிவிடாது. முதலில் முட்டியால் தட்டுவேன். ‘ணங்’ என்றால் உள்ளே கெட்டி. ‘தொப்’ என்றால் பொருக்கு. பின்னால் காற்றுதான் இருக்கிறது. பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்த்த அதே காதுதான் இங்கேயும் வேண்டும். பொருக்கை விட்டால் வேறு வழியில்லை என்றால், வெளிப்பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவேன்.

காலுக்கு வருவோம். சாய்வான கருங்கல்லில் ஏற்றிவிடுவது கால்தான், கை சமநிலைக்கு. குதிகாலை இறக்கி, முன்பாதம் முழுவதும் கல்லில் படும்படி நிற்க வேண்டும். கல்லின் முகத்தில் மிளகளவு வெள்ளைப் பரல்கள் துருத்தியிருக்கும். கண்ணை அவற்றில் வைத்து, காலைச் சத்தமில்லாமல் வைத்து, வைத்த பிறகு நகர்த்தாமல் எடையை ஏற்றுவேன். பயம் வந்ததும் உடம்பு பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அதுதான் வினை. நெஞ்சு கல்லோடு ஒட்டினால் இடுப்பு பாதத்துக்கு நேர்மேலே இருக்காது, பாதத்தின் அழுத்தம் குறையும், வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி நிற்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதற்கு முன்பு ஒரு காலையில், பதினைந்து நிமிடத்தில் மேல்விளிம்பை நெருங்கிவிட்டேன். கடைசிப் பத்தடியில் ஈரமான கறுப்புப் பாசிப்பட்டை. மேலே போக முடியாது என்று புரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஏறிவந்த கால்வைப்பு ஒன்றும் தெரியவில்லை. பாறை வயிறு தள்ளியிருந்ததால், அதற்குக் கீழே நேராக ஆறுதான் தெரிந்தது. கெண்டைக்கால் தையல் மெஷின் போல உதறத் தொடங்கியது. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன்.

கீழே பரிசல் ஒன்று வந்தது. அங்கே ஹரிகோலு என்பார்கள். துடுப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்த பரிசல்காரர் கூச்சல் போடவில்லை. “அண்ணா, இடது காலை விடுங்க. இன்னும் ஒரு சாண் கீழே கல் இருக்கு” என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். விட்டேன், இருந்தது. “இப்போ வலது கை.” இப்படியே மணல்வரை இறக்கிவிட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அன்றிலிருந்து, இரண்டடி ஏறினால் இரண்டடி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இரண்டடி. இறங்கிவர முடியாத எதையும் கயிறில்லாமல் ஏறுவதில்லை. பார்ப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும். எனக்கு இதில்தான் ருசி. இறங்கும்போது கல்லை வேறு பக்கத்திலிருந்து படிக்கிறோம்.

ஆற்றையும் படிக்க வேண்டும். மேலே துங்கபத்ரா அணை இருக்கிறது, 33 மதகுகளோடு. 2024 ஆகஸ்டில் அதில் 19-ஆம் மதகு சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. அணையிலிருந்து வரும் வெள்ளம் வடிந்த பிறகு பாறையின் அடியோரம் ஆளுயரத்துக்கு வண்டல் பூச்சு நிற்கும். காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, விரலில் மாவு மாதிரி ஒட்டும். டிசம்பரில் என் முதல் வேலை, அந்த ஐந்தடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவது.

சிற்பமோ லிங்கமோ செதுக்கிய கல்லில் நான் கால் வைப்பதில்லை. இந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு குண்டுக்கல்லில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கின்றன. விஜயநகரக் கல்தச்சர்கள் பிளப்பதற்காக வெட்டியவை. மரஆப்பு அடித்து, நனைத்து, அது ஊதிக் கல்லைப் பிளக்கும்வரை காத்திருப்பார்களாம். இந்த ஒரு கல்லை ஏனோ பாதியில் விட்டிருக்கிறார்கள். ஏறுமுன் அந்தக் குழியில் விரல் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

போன டிசம்பரில் மேலே போய் உட்கார்ந்தபோது மணி ஏழரை. கல் இன்னும் குளிர்ந்திருந்தது. பத்து மணிக்குள் சுட ஆரம்பித்து, உள்ளங்கை வியர்த்துவிடும். பார்க்க நிறைய இருந்தும் அதிக நேரம் இருக்கவில்லை. முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, இடது காலை இறக்கினேன். ஒரு சாண்.