மட்டாஞ்சேரியில் ஒரு மாலை

கோட்டைக் கொச்சிப் படகுத் துறையில் இறங்கி, கடைவீதி வழியே மட்டாஞ்சேரிக்குக் கால்நடையாகவே சென்றோம். இருமருங்கும் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள். வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் கழிந்தது. யூதத் தெரு வந்ததும் ஆரவாரம் சற்றே அடங்கிற்று.

1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்துள் செருப்பைக் களைந்து புகுந்தோம். தரையெங்கும் நீலச் சித்திரம் தீட்டிய சீனத்து ஓடுகள். மிதிக்கவே மனம் கூசிற்று. 1760-இல் கட்டிய மணிக்கூண்டின் ஒரு முகத்தில் எபிரேய எண்கள். (புகைவண்டி நேரமே பார்த்துப் பழகிய நமக்கு அக்கடிகாரம் பிடிபடவில்லை!) 1948-இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் இங்கிருந்த யூதர் சிறுகச் சிறுக அங்குக் குடிபெயர்ந்தனர். கூட்டு வழிபாட்டிற்குப் பத்து ஆடவர் வேண்டும்; இன்று உள்ளூரில் அத்துணைப் பேர் இல்லை. வீடுகள் பெரும்பாலும் கடைகளாகிவிட்டன.

திரும்பும் வழியில், வெளி என்னும் இடத்தில் 1976-இல் கட்டப்பெற்ற சலவைத் துறையைக் கண்டோம். ஒல்லாந்தர் தம் படையினரின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தோரின் வழியினர் அங்கே துவைக்கின்றனர் என்பர். துணி தேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நம் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னோம்.

"அங்கே இந்த வருஷம் மழை உண்டா?" என்று வினவினார். தமிழ்நாட்டை அவர் ஒருமுறையும் கண்டதில்லையாம்.