கைப்பிடி சொன்ன பாடம்

எங்கள் பள்ளியில் டென்னிஸ் ஆடுவோர் ஆறு பேர், மட்டைகளோ நான்கே. ஒருத்தி ஆடி முடித்ததும் அவளுடைய வியர்வையோடு சேர்த்தே மட்டை அடுத்தவள் கைக்கு வரும். நான்கில் மிகப் பழையதற்குப் ‘பாட்டி’ என்று பெயரிட்டிருந்தோம். பாட்டியை எவரும் விரும்புவதில்லை. ஆகவே, எதற்கும் மறுப்புச் சொல்லாத தோழிக்கே அது வழக்கமாய் வாய்த்தது. அவள் இடக்கைக்காரி.

சென்ற ஆகஸ்டு மாதம் வேறொரு பள்ளியுடன் நடந்த இரட்டையர் ஆட்டத்தில், வெற்றி எங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. தோழி அடித்த பந்துகள் வலையில் விழுந்தன. தப்பியவை கோட்டைத் தாண்டின. கடைசியில் மட்டையே அவள் கையினின்று நழுவி வலையடியில் போய் விழுந்தது. கூடியிருந்தோர் சிரித்தனர். பேருந்தில் திரும்பும்போது அவளோடு ஒருவரும் பேசவில்லை. “மட்டையைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை” என்று எங்களுள் ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். மற்றவர்கள் மறுக்கவில்லை. மறுநாள் முதல் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

நான்காம் நாள், விளையாட்டுப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் எங்களை அழைத்தார்கள். மேசைமேல் பாட்டியும், புதிய கிரிப் சுருள் ஒன்றும் இருந்தன. “முதலில் பழையதை உரியுங்கள். பிறகு பேசலாம்” என்றார்கள்.

பிடியின் மேல்முனையிலிருந்த ரப்பர் வளையத்தை மேலே தள்ளி, ஒட்டு நாடாவை அகற்றி உரிக்கலானோம். ஒரு மெல்லுறை வந்தது. அதனடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் மூன்றாவது! எல்லாவற்றிற்கும் கீழே, கடையில் வாங்கியபோதே இருந்த தடித்த உறை நசுங்கிக் கல்லாய்க் கிடந்தது. எங்களுக்கு முன்னிருந்த அக்காமார் பழையதைக் கழற்றாமலே புதியதைச் சுற்றியிருக்கிறார்கள் என்று சிரித்தோம். சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. மேலே கிடந்த நீல உறையைச் சென்ற ஆண்டு சுற்றியவர்கள் நாங்களேதான்.

ஒரு மெல்லுறை பிடியின் சுற்றளவை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டுமாம். ஓர் அளவுப் பிடிக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடே அரைக்கால் அங்குலந்தான். நாலேகால் அங்குலப் பிடி, மூன்று உறைகளால் ஓர் அளவுக்கு மேலேயே பருத்துவிட்டது.

உள்ளிருந்த பிடிக்கு எட்டுப் பட்டைகள் இருந்தன. “கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள்” என்றார்கள் சிஸ்டர். என்ன வியப்பு! மட்டையின் முகம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாராமலே உள்ளங்கைக்குத் தெரிந்தது. உறைமேல் உறை சுற்றி அந்தப் பட்டைகளை உருண்டையாக்கியிருந்தோம். தோழியின் கை எதைக் கொண்டு அறியும்? எங்களால் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

பசையைத் துணியால் துடைத்தோம். புதிய உறையின் கூரிய முனையைப் பிடியின் அடியில் வைத்ததும் சிஸ்டர் தடுத்தார்கள். “எந்தக் கைக்கு?” என்று கேட்டார்கள். வலக்கைக்காரருக்குச் சுற்றும் திசைக்கு எதிராக இடக்கைக்காரருக்குச் சுற்ற வேண்டுமாம். இல்லாவிடில் ஆடும்போது நாடாவின் விளிம்பு எழும்பிக் கையை உறுத்தும். வலக்கையால் எழுதி, இடக்கையால் ஆடி, பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை 14 முறை வென்ற ரபேல் நடாலைப் பற்றி ஓயாமல் பேசும் எங்களுக்கு இது தெரியவில்லை.

“இடக்கைக்கு” என்றோம் ஒரே குரலில்.

சுருக்கம் விழாமல் இழுத்து, ஒரு சுற்றின் ஓரம் அடுத்ததன்மேல் சிறிதே ஏறும்படி சுற்றினோம். இருமுறை கோணலாகி அவிழ்த்தோம். மூன்றாம் முறை சரியாக வந்தது. மேல்முனையைச் சாய்வாக வெட்டி, நாடா ஒட்டி, வளையத்தை இறக்கினோம்.

மாலையில் மட்டையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மன்னிப்புக் கேட்கப் பேருந்திலேயே வாய் திறந்தவள்தான் முதலில் முன்வந்தாள். மற்றவர்களும் கேட்டோம், பேசாதிருந்ததும் குற்றந்தானே! தோழி பிடியை மெல்ல அழுத்திப் பார்த்தாள். “நீல உறையைச் சுற்றியபோது நானுந்தானே கூட இருந்தேன்?” என்றாள். பிறகு, “நாளை மழை இல்லாவிட்டால் வருகிறேன்” என்றாள்.

மறுநாள் மழை பெய்தது. ஆயினும் வந்தாள்.

தோழியரே, இப்போது எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: பழையதை உரிக்காமல் புதியதைச் சுற்றக் கூடாது. மட்டைக்கு மட்டும் சொன்ன விதியன்று அது.