தேக்கா மாடியும் ஒரு சட்டையின் விலையும்

ஜோகூர்ப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிற நம்மவர்கள் எத்தனை இடம் சுற்றினாலும் தேக்காவில் கால் வைக்காமல் திரும்புவதில்லை. மல்லிகைச் சரமும் வாழை இலையும் மசாலா வாசனையும் சேர்ந்து, வேற்று நாட்டில் நிற்கிறோம் என்ற எண்ணத்தையே போக்கிவிடும். 'கண்டாங் கெர்பாவ்' என்பது இவ்வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயர். எருமைத் தொழுவம் என்று பொருள். இப்போதுள்ள தேக்கா நிலையம் 1982-இல் திறக்கப்பட்டது. கீழே மீனும் காய்கறியும் சாப்பாட்டுக் கடைகளும். மாடியில் வரிசை வரிசையாகத் துணிக்கடைகளும் தையற்கடைகளும்.

அந்த மாடியில் சற்று நின்று பாருங்கள். சேலைகளும் பஞ்சாபி உடைகளும் கூரைவரை தொங்கும். கழுத்தில் அளவுநாடாவோடு ஒருவர் ரவிக்கைக்கு அளவெடுப்பார். பக்கத்திலேயே இயந்திரம் கடகடவென்று ஓடும். குடும்பமாகச் சேர்ந்து வியாபாரம் செய்வது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. இன்று சையத் ஆல்வி ரோட்டில் பெரிய கட்டடமாக நிற்கும் முஸ்தபா கடையும், முஸ்தாக் அகமது என்ற இளைஞர் தம் தகப்பனாரோடும் சிறிய தகப்பனாரோடும் 1971-இல் கேம்பல் லேனில் தொடங்கிய சிறு ஆயத்த ஆடைக் கடைதான்.

இம்முறை இந்தத் தெருக்களை நான் உற்றுப் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த அண்ணனும் தங்கையும் துணி வியாபாரம் தொடங்கப் போகிறார்கள். முதல், தகப்பனாரின் ஊழியர் சேமநிதிப் பணம். முப்பது வருடம் பால்மரம் வெட்டிச் சேர்ந்த பணம் அது. "யார் வயிற்றிலும் அடிக்காத வியாபாரமாக இருக்க வேண்டும், சார்" என்றாள் தங்கை. "அப்படிப் பார்த்தால் விலை கூடும். தோட்டத்தில் யார் வாங்குவார்கள்?" என்றான் அண்ணன். இரண்டும் நியாயம்.

சிங்கப்பூரில் வாங்கி வந்து இங்கே விற்பது நடக்காத காரியம். அங்கத்திய ஒரு வெள்ளி நமக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஆகவே சரக்கை விட்டுவிட்டு, தொழிலைக் கற்று வருவோம்.

தேக்காவிலிருந்து இரயிலில் ஒரு நிறுத்தம் போய், வண்டி மாறி இன்னொரு நிறுத்தம் போனால் ஆர்ச்சர்ட் ரோடு வட்டாரம். இந்நகரத்தில் வயோலா டான், வெல்டா டான் என்ற சகோதரிகள் ரேச்சல் லிம் என்ற தோழியோடு சேர்ந்து 2006 வாக்கில் தொடங்கிய சிறு உடை வியாபாரமே, பின்னர் 'லவ், பொனிட்டோ' என்று பெயர் பெற்றது. முதலில் விற்றது தாங்கள் உடுத்திய பழைய உடைகளைத்தான். பிறகு வெளியில் வாங்கி விற்றார்கள். அதன் பின்னரே, ஆசியப் பெண்களின் உடல்வாகுக்கு ஏற்றபடி தாங்களே வடிவமைத்தார்கள்.

இன்னொரு உதாரணம் தொலைவில் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வைட் தீவில் ராப், மார்ட் டிரேக்-நைட் என்ற இளஞ்சகோதரர்கள் 2008-இல் 200 பவுனை முதலாகக் கொண்டு 'ராப்பாநூயி' என்ற சட்டை வியாபாரத்தைத் தொடங்கினார்கள். இரசாயன உரமில்லாமல் விளைந்த பஞ்சு. கேட்டவருக்கு மட்டும் படம் அச்சடித்துத் தருவது. கிழிந்த சட்டையைத் திரும்ப வாங்கி மறுபடி நூலாக்குவது என்பவை அவர்கள் வழி. தேவைக்குமேல் அச்சடிக்காததால் சரக்குத் தேங்குவதில்லை. கையில் காசு குறைந்தவனுக்கு இது தர்மம் மட்டுமன்று, தற்காப்பும்கூட. சிங்கப்பூரில் 2021-இல் மட்டும் சுமார் 189,000 டன் துணி, தோல் கழிவு சேர்ந்தது. அதில் மறுபயன் கண்டது நூற்றுக்கு நான்கே பங்கு.

சரி, மலிவுத் துணிக்கு வயிற்றில் அடிபடுவது யார்? நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டையே பாருங்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. ஏழை வீட்டுக் குமரிகள் மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி உழைத்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. நடுவில் நோய்ப்பட்டு வெளியேறிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழாயிற்று. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. 2013-இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல் தொழிலாளர்கள்.

நல்ல மாற்றமும் உண்டு. 2022-இல் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் பேசி, பெண் தொழிலாளரின் பாதுகாப்புக்காகத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கண்டது. வாங்குகிற நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே அந்த அண்ணன் தங்கைக்கு நான் சொன்னது இதுதான். சேமநிதிப் பணம் முழுவதையும் போடாதீர்கள். நட்டமானாலும் வீடு தாங்கும் அளவு போடுங்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் டவுனிலும் தையல் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். ஒரு சட்டைக்கு இவ்வளவு கூலி என்று முன்னதாகப் பேசி, எழுதி வைத்து, வாரக் கடைசியில் கொடுத்துவிடுங்கள். கேட்டவருக்கு மட்டும் தையுங்கள். கூடப்பிறந்தவர்கள்தானே என்று கணக்கை விட்டுவிடாதீர்கள். இருவர் பங்கும் முதல் நாளே நோட்டில் ஏறட்டும். சட்டை நான்கைந்து வெள்ளி கூடத்தான் விற்கும். இரண்டு தீபாவளி கிழியாமல் உழைத்தால் அந்த வித்தியாசம் வாங்கியவருக்கே திரும்பிவிடும்.

வாசகர்களாகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ரப்பர் விலையை எங்கோ கடல் கடந்து தீர்மானித்தபோது, மரம் வெட்டிய கைக்கு என்ன மிஞ்சியது என்பதை நம் பாட்டன் பாட்டிமார் அறிவார்கள். வரும் பண்டிகைக்குத் துணி எடுக்கும்போது, விலையைக் கேட்பதோடு, "இதைத் தைத்தது யார்?" என்றும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பலரும் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அவர் விசாரித்து வைப்பார்.