எந்தத் தண்டை வெட்டுவது?

பிளேர்கௌரியை நெருங்கும்போது சாலையோரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள் தெரியத் தொடங்குகின்றன. ஸ்காட்லாந்தில் ராஸ்ப்பெரிக்குப் பேர் போன ஊர் இது. ஒரு காலத்தில் திறந்த வயலில் விளைந்த பழம் இப்போது பெரும்பாலும் கூடாரத்துக்குள் போய்விட்டது. பறிக்க வருகிறவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிறார்கள். பழைய வயல்முறையைப் பார்க்க ஆசைப்பட்டால் வீட்டுத் தோட்டம்தான் கதி. ஆகஸ்ட் கடைசியில் அப்படி ஒரு கொல்லைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் குளிர்காலந்தோறும் பண்ணைகளில் தண்டு வெட்டிக் கட்டும் பெண்களோடு கூலிக்குப் போனவர்.

கொல்லையில் இரண்டு வரிசை. ஒன்று கோடையில் காய்க்கும் கிளென் ஆம்பிள், பழம் ஓய்ந்திருந்தது. மற்றது இலையுதிர் காலத்துக்கான ஆட்டம் பிளிஸ். அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு வேலை முதல் வரிசையில்.

ராஸ்ப்பெரியின் வேர் பல ஆண்டு வாழும். தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. கோடை ரகங்களில் முதல் ஆண்டு வளரும், மறு ஆண்டு பூத்துக் காய்க்கும், காய்த்ததும் பட்டுப்போகும். அதற்குள் வேரிலிருந்து அடுத்த தலைமுறை கிளம்பியிருக்கும். குலை ஈன்ற வாழையைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை விடுகிற நமக்கு இது புதிய கணக்கல்ல. ஆனால் வாழையில் தாயையும் கன்றையும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். இங்கே இரண்டும் ஆளுயரம் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இதில் எது கிழம், எது குமரி என்று கண்டுபிடிப்பதில்தான் தொழிலே இருக்கிறது.

அந்த அம்மா இலைப்பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து அடித்தண்டைப் பார்த்தார். காய்த்த தண்டு சாம்பல் படிந்த பழுப்பு. பட்டை நார்நாராக உரிந்திருக்கும். புதியது பச்சை, சிலவற்றில் லேசான செம்மை. சந்தேகம் வந்தால் பக்கக்கிளையைத் திருப்பிப் பார்ப்பார். ராஸ்ப்பெரியைப் பறிக்கும்போது அதன் நடுவிலிருக்கும் வெள்ளைக் கூம்பு செடியிலேயே தங்கிவிடும். அது காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தரி இறங்கும். மண்ணை ஒட்டி வெட்டினார். ஒரு விரற்கடை கட்டை நின்றாலும் அதில் பூஞ்சணம் குடியேறும் என்றார்.

வெட்டியதை உருவி எடுப்பார் என்று நினைத்தேன். "இழுத்தா பக்கத்துல இருக்கிற இளந்தண்டு தோலுரிஞ்சு போயிடும்" என்று சொல்லி, வரிசை நெடுக இழுத்த கம்பியோடு தண்டைப் பிணைத்திருந்த கட்டை அவிழ்த்து, தண்டை மூன்று துண்டாக நறுக்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். முதலில் எனக்கு இது அதிகப்படியான பக்குவமாகத்தான் பட்டது. ஆனால் தண்டுக் கருகல் என்ற பூஞ்சை நோய் காயத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. 1970-களில் ஸ்காட்லாந்தில் பழம் பறிக்கும் இயந்திரங்களைச் சோதித்தபோது, உதிரும் பழத்தை ஏந்தும் தட்டுகள் இளந்தண்டுகளின் அடியை உரசின. உரசிய இடத்தில் இதே நோய் ஏறியது. ஆய்வாளர்கள் கட்டுரையாக எழுதியது இந்த அம்மாவின் கையில் பழக்கமாக இருந்தது.

கிழங்களை அகற்றுவதைவிடக் கடினம், நன்றாக இருக்கும் இளசுகளைக் கழிப்பது. மெலிந்தவை போயின. கணுவைச் சுற்றி ஊதாத் திட்டு விழுந்தவை போயின. வரிசையை விட்டு விலகி நடைபாதையில் முளைத்தவை எவ்வளவு கொழுத்திருந்தாலும் போயின. மிஞ்சியவற்றைக் கம்பியில் சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விரித்துச் சணல் கயிற்றால் கட்டினார். டண்டீ இங்கிருந்து பக்கம்தான். வங்காளச் சணலை நூற்றே பெருத்த நகரம். ஆலைகளெல்லாம் மூடியாயிற்று, இந்தக் கயிற்றுக் கண்டின் மேலே வங்கதேசம் என்று அச்சிட்டிருந்தது. மேல்கம்பியைத் தாண்டி ஆடும் நுனிகளைத் தொடவில்லை. உறைபனி கருக்குவதைக் கருக்கட்டும், பிப்ரவரி கடைசியில் கம்பிக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டிக்கொள்ளலாம் என்றார்.

அந்தக் காலத்தில் கோடையில் பழம் பறிக்க டண்டீயிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நாடோடி மக்கள் வயலோரத்தில் கூடாரம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி பெல் ஸ்டூவர்ட் கட்டிய பாட்டு இங்கே பிரபலம். குளிரில் வெட்டிக் கட்டிய பெண்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டியதாகத் தெரியவில்லை. பறிப்பு திருவிழா, இது வெறும் வேலை. வரிசைக் கணக்கில் கூலி, நனைந்து விறைத்த கையுறை, அதைத் துளைக்கும் பொடி முள். இன்வர்கௌரி ஆய்வு நிலையம் கிளென் மோய், கிளென் ப்ரோசன் என்ற முள்ளில்லா ரகங்களை 1981-இல்தான் வெளியிட்டது. அதைப் பற்றிக் கேட்டேன். "பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றார்.

இலையுதிர் ரகத்துக்கு எது கிழம், எது குமரி என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அந்த ஆண்டு முளைத்த தண்டே நுனியில் காய்த்துவிடும் என்பதால் பிப்ரவரியில் வரிசை முழுவதையும் தரைமட்டமாக வெட்டிவிடலாம். பக்கத்து வீட்டு இளந்தம்பதி எங்கோ இதைப் படித்துவிட்டுத் தங்கள் வரிசையை அப்படியே மொட்டையடித்தார்கள். அவர்களுடையதோ கோடை ரகம். ஜூலை முழுக்க இலையைத்தான் பார்த்தார்கள். பழம் இனி அடுத்த கோடையில்தான்.

பிற்பகலில் அந்த இளைஞர் வேலியோரம் வந்து நின்றார். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, கத்தரியைக் கையில் கொடுத்து, மிச்சமிருந்த மூன்று புதர்களைக் காட்டினார். அவர் நெடுநேரம் யோசித்து ஒரு தண்டைப் பிடித்தார்.

"அது இல்ல. கீழே பார்."